ஏரி போன இடத்தில் மீன்

நியூஜெர்சியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் முன்பு ஒரு ஏரி இருந்தது. பெரிய ஏரி என்று நினைத்துவிட வேண்டாம். ராரிட்டன் ஆற்றில் போய்ச் சேரும் ஓடையை எந்தக் காலத்திலோ ஒரு மாவு மில்லுக்காக மறித்து அணை கட்டியிருந்தார்கள். அதற்குப் பின்னால் தேங்கிய தண்ணீர்தான் அது. வடகிழக்கில் தண்ணீர், இதைவிட என்ன வாஸ்து வேண்டும் என்று நாலைந்து தமிழ்க் குடும்பங்கள் போட்டி போட்டுக்கொண்டு அந்தத் தெருவில் வீடு வாங்கினோம்.

மில் போய்விட்டது, அணையை எடுத்துவிடலாமா என்று டவுன்ஷிப்பில் கூட்டம் போட்டபோது, எடுங்கள் என்று எழுந்து பேசியவள் என் மனைவி. பார்சிப்பனியில் சாஃப்ட்வேர் வேலை. எதையும் படித்துவிட்டுத்தான் பேசுவாள். நான் ஒன்பதாவதோடு நின்றவன், ஐசலினில் ஒரு ஹோட்டலில் தோசைக்கல் முன்னால் நிற்கிறவன். படிக்காமலே கவலைப்படுவேன். கடலில் வளரும் ஹெர்ரிங் மீன் முட்டையிட இந்த ஓடைக்குத்தான் வந்துகொண்டிருந்தது, அணை வழியை மறித்துவிட்டது, தேங்கிய தண்ணீர் சூடாகி அடியில் சேறு மூடிவிட்டது, ஓடவிட்டால் மீன் திரும்ப வரும் என்று தெரு முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டு வந்தாள்.

அணை போயிற்று. கூடவே ஏரியும் போயிற்று. ஈசான மூலையில் சேறும், நடுவே ஒல்லியாய் ஒரு ஓடையும் மிஞ்சின. பக்கத்து வீட்டு அங்கிள் வேலிக்கு மேலே தலையை நீட்டி, "ஏம்மா, உன் மீன் இன்னும் ஃப்ளைட் ஏறலியா?" என்பார். "டிராஃபிக் அங்கிள்" என்று சிரித்துவிட்டு உள்ளே வருவாள். வந்ததும் சிரிப்பு போய்விடும். "வரலேன்னா நான் எப்படிங்க இந்தத் தெருவுல நடப்பேன்?" தெருக்காரர்கள் வீட்டுக்கொரு பண்டம் கொண்டுவந்து கூடும் வார இறுதி பாட்லக் விருந்துக்குப் போவதையே நிறுத்திவிட்டாள்.

குளிர் காலத்தில் ஓடை சேற்றை அரித்துக்கொண்டு போய்க் கூழாங்கற்களை வெளியே காட்டியது. முட்டையிடத் தோதான இடமாம். ஆனால் ஏப்ரலில் மழையைக் காணோம். கணுக்கால் தண்ணீரில் மீன் எப்படி ஏறும்? எனக்குத் தூக்கம் போனது. ஒரு காலையில் தோட்டத்துக் குழாயை நீட்டிக்கொண்டே போய் முனையை ஓடையில் விட்டேன். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி நின்ற மகள், "அப்பா, ஆர் யூ வாட்டரிங் தி ரிவர்?" என்றாள். மனைவி செருப்பில்லாமல் ஓடி வந்தாள். "ஐயோ, குழாய்த் தண்ணில குளோரின் இருக்குங்க! வர்ற மீனையும் கொல்லப் போறீங்களா?"

அப்புறம் மழை வந்தது, ஒரு வார இறுதி முழுக்க. பேஸ்மென்ட்டில் தண்ணீர் புகுந்துவிடுமோ என்று எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. திங்கள் காலை வாளியும் கையுமாக அங்கே நின்றபோதுதான் வெளியே சத்தம். அங்கிள்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அணை இருந்த இடத்துக்குச் சற்றுக் கீழே ஓடைக்கரையில் குதித்துக்கொண்டிருந்தார். "ஏம்மா! ஓடி வா! வெள்ளி வெள்ளியா வருது!"

வந்திருந்தன. முதுகில் நீலம், வயிற்றில் வெள்ளி. கூட்டம் கூட்டமாகத் தண்ணீருக்கு எதிராக வாலை அடித்துக்கொண்டு நின்றன. அங்கிள் உள்ளே ஓடிப் போய்ப் பொரிப் பையோடு வந்தார். கோயில் குளத்தில் போடுவதுபோல் அள்ளி அள்ளிப் போட்டார். ஒரு மீனும் திரும்பிப் பார்க்கவில்லை. எங்கிருந்தோ வாத்துக் கூட்டம் பாய்ந்து வந்து பொரியைத் தின்றுவிட்டு அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டது. "ஏய்! போ! ச்சூ!" மகள் சிரித்துச் சிரித்துப் புல்லில் உட்கார்ந்துவிட்டாள். "சாப்பிட மாட்டேங்குதே, உடம்பு சரியில்லையோ?" என்று நான் கேட்டேன்.

"தே ஆர் பிஸி, அப்பா."

என் மனைவி ஆபீஸ் உடையோடு முழங்கால் தண்ணீரில் இறங்கியிருந்தாள். அணை இருந்த இடத்தில் நுரை பொங்கியது. முன்னால் போன மீன்கள் அங்கே தயங்கின, பின்வாங்கின. அவள் மூச்சு விடவில்லை. ஒன்று நுரைக்குள் புகுந்தது, மேலே தெறித்தது, அந்தப் பக்கம் போய்விட்டது. அதன் பின்னால் எல்லாம்.

"போயிடுச்சு! தாண்டிப் போயிடுச்சு!" என்று தண்ணீரைக் கையால் அடித்தாள்.

வாத்திடமிருந்து வேட்டியை மீட்டுக்கொண்ட அங்கிள், "நம்ம தெரு மீனாச்சே! வரும்னு நான் அப்பவே சொன்னேனே!" என்றார்.

"ஆமா அங்கிள், நீங்கதான் சொன்னீங்க" என்று அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"மேல போயிடுச்சு, சரி. திரும்பக் கடலுக்கு எப்படிப் போகும்?" என்றேன்.

"பேசாம இறங்கி வாங்க நீங்க" என்று கையை நீட்டினாள். ஷூவோடு இறங்கினேன். மீன்கள் என் காலை இடித்துக்கொண்டு மேலே போயின.