மடி இல்லாத தாய்மாமன்

“பொம்மைக்குள்ள கைய வுடறதுக்காடி இத்தினி வருசம் படிச்ச?”

வில்லியனூரில் வேலை கிடைத்திருக்கிறது என்று நான் சொன்ன அன்று என் பெரியப்பா கேட்ட கேள்வி இது. கரும்பு வெட்டும் குடும்பம் எங்களுடையது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். பாகூரில் பன்னிரண்டாவது, பிறகு டவுனில் பி.ஏ. டீச்சர் ஆவேன், இல்லாவிட்டால் ஏதாவது ஆபீசில் நாற்காலி போட்டு உட்காருவேன் என்று தெருவே காத்திருந்தது. நான் போய் ஒரு லோக்கல் கேபிள் சேனலில் ஆட்டுப் பொம்மைக்குக் கையும் குரலும் கொடுக்கச் சேர்ந்தேன்.

“கைய வுட்டா மட்டும் ஆவாது பெரியப்பா. அதுக்கு உசுரு இருக்குதுன்னு புள்ளைங்கள நம்ப வெக்கணும். சுளுவு கெடையாது,” என்றேன். அவர் நம்பவில்லை. அன்று நானும் பாதிதான் நம்பினேன்.

இந்த வேலைக்கு வர நினைக்கும் பெண்கள் சிலர் எனக்கு மெசேஜ் அனுப்பிக் கேட்கிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. மேசைக்கு அடியில்

எங்கள் சேனல் ஒரு ஹார்ட்வேர் கடையின் மாடியில் இரண்டு அறைகள். ஒன்றில் கன்ட்ரோல், இன்னொன்றில் ஸ்டுடியோ. ஸ்டுடியோ என்றால் ஒரு மேசை, மேசையைச் சுற்றித் தரைவரை நீலத் துணி, இரண்டு லைட், ஒரு கேமரா. துணிக்குப் பின்னால், மேசைக்கு அடியில், குட்டி ஸ்டூலில் நான். என் வலது கை மேசைக்கு மேலே ‘மே மாமா’வாக இருக்கும். தொங்கும் காதும் குறுந்தாடியும் வைத்த ஆடு. இடுப்புக்கு மேலேதான் உடம்பு. குரல் கொஞ்சம் கரகரவென்று ஆம்பிளைக் குரலாக வர வேண்டும்.

தரையில் ஒரு சின்ன மானிட்டர் இருக்கும். அதைப் பார்த்துத்தான் பொம்மையை ஆட்ட வேண்டும். வாயைத் திறக்கும்போது நான்கு விரலையும் தூக்கினால் பொம்மை வானத்தைப் பார்க்கும். கட்டைவிரலை மட்டும் இறக்க வேண்டும். அப்போதுதான் கண் கேமராவை விட்டு விலகாது. இதைப் பழகும்வரை என் மே மாமா மழை வருமா என்று பார்த்துக்கொண்டே பேசினார்.

எனக்கு ஓர் இடத்தில் உட்காரவே வராது. பஸ்ஸில் சீட் கிடைத்தாலும் ஸ்டாப்பிங் வருவதற்கு முன்பே எழுந்து நிற்பேன். அப்படிப்பட்டவளுக்குக் காலை மடக்கி மேசைக்கு அடியில் கிடக்கிற வேலை. லைவ் முடியும்போது கால் மரத்துப் போயிருக்கும். மேலே என் கையோ உலகத்துக்கே மாமா.

உலகம் என்றால் சுத்துக்கேணியிலிருந்து பாகூர்வரை. அதற்குள் பிள்ளைகள் படுத்திய பாடு கொஞ்சமில்லை. பள்ளிக்கூட வேன் போகும்போது உள்ளேயிருந்து மொத்தமாக “மே…” என்று கத்துவார்கள். படம் வரைந்து அனுப்புவார்கள். மாமாவுக்கு இடுப்புக்குக் கீழே என்ன இருக்கிறது என்று யாரும் பார்த்ததில்லையே! சிலர் பேண்ட் போட்டு வரைவார்கள், சிலர் நாலு கால். கடற்கரைக் குப்பத்துப் பிள்ளை ஒன்று மீன் வால் போட்டிருந்தது.

பெற்றவர்கள் போனில் சண்டைக்கு வருவார்கள். “இன்னாம்மா சேனலு நடத்தறீங்க? எங்க பையன் கறி துன்ன மாட்டன்றான். கொழம்ப பாத்தா மாமா மாமான்னு அழுவுறான். நாங்க ஞாயித்துக்கெழம இன்னாத்த துன்றது?” என்று செல்லிப்பட்டிலிருந்து ஓர் அம்மா கேட்டார். அன்று மே மாமா லைவில் சொன்னார்: “டேய், நான் பேசற ஆடு. பேசற ஆட்ட மட்டும் துன்னாதீங்க. மத்தது உங்க இஷ்டம்.” அதற்கும் பலன் இல்லை.

2. நான் கொடுத்த வாக்கு

ஒரு ஞாயிற்றுக்கிழமை லைவில் ஏம்பலத்திலிருந்து ஒரு போன். ஐந்து வயதுப் பெண், பெயர் யாழினி.

“மாமா, ஒனக்கு காது இம்மா நீட்டு கீதே, எத்தினி ஓட்ட போட்டாங்க?”

“எனக்கெதுக்குடி கம்மலு? ஆட்டிக்கினே இருப்பேன், வுழுந்துடும். ஒனக்குக் காது குத்தியாச்சா?”

“இல்ல. எங்கம்மாக்கு அண்ணனும் இல்ல, தம்பியும் இல்ல. மடியில ஒக்கார மாமா இல்லயாம். எனக்கு பயமா கீது.”

காது குத்தும்போது குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். இது எங்கள் பக்கத்தில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் மேசைக்கு அடியில் இருப்பவளுக்கு மானிட்டரும் அடுத்த வரியும் தவிர ஒன்றும் தெரியாது. வாய் முந்திக்கொண்டது.

“மாமா இல்லையா? அப்போ நான் யாரு? நான் வரேண்டி. என் மடியில ஒக்காரு.”

கன்ட்ரோல் ரூமில் ஓனர் தணிகாசலம் சார் தலையில் கையை வைத்துக்கொண்டது எனக்குத் தெரியவில்லை. கட் சொன்ன பிறகு வந்து குனிந்து துணியை விலக்கினார். “இன்னாம்மா நீ! மடி எங்க கீது அதுக்கு?”

3. பேனர்

சில நாளில் யாழினியின் அம்மா சுமதி படியேறி வந்தார். கையில் தாம்பாளம், வெற்றிலை, பாக்கு, பூ, பழம், நடுவில் பத்திரிகை. தாய்மாமனை எப்படி அழைக்க வேண்டுமோ அப்படியே. ஸ்டாண்டில் மாட்டியிருந்த பொம்மையைப் பார்த்துத் தாம்பாளத்தை நீட்டியவர், கொஞ்சம் கூச்சப்பட்டு என் பக்கம் திரும்பினார்.

“நீதான் கூட்டினு வரணும்மா. எங்க சித்தப்பா புள்ள மாமனா ஒக்கார்றேன் ஒக்கார்றேன்னு சொல்லியே வருசத்த ஓட்டிடுச்சி. எங்க நாத்தனாரு, பொறந்த வூட்டுல ஆளில்லாதவள கட்டினா இப்பிடித்தான்னு ஊருக்கே சொல்லிக்கினு கீது. இப்போ டிவியில சொன்னத எல்லாரும் கேட்டுட்டாங்க. வரலன்னா நான் அந்த வூட்டுல வாயத் தொறக்க முடியாது.”

பத்திரிகையில் ‘தாய்மாமன்: மே மாமா’ என்று அச்சடித்திருந்தார்கள்.

மறுநாள் ஏம்பலம் மெயின் ரோட்டில் பேனர் ஏறிவிட்டது. தெருப் பையன்கள் வைத்தது. ‘மருமகளின் காதணி விழாவிற்கு வருகை தரும் பாசமிகு தாய்மாமன் மே மாமா அவர்களே, வருக வருக! இவண்: மே மாமா குழந்தைகள் ரசிகர் மன்றம்.’ ஆட்டுத் தலைக்குக் கீழே யாரோ ஒருவரின் உடம்பை ஒட்டி, வெள்ளை வேட்டி கட்டி, கையைக் கூப்ப வைத்திருந்தார்கள். போட்டோ வாட்ஸ்அப்பில் சுற்றி ஓனரிடமும் வந்தது.

“பாத்தியா? ஊரே வேட்டி கட்டின மாமன எதிர்பாக்குது. நீ துணியில கைய வுட்டுக்கினு போயி நிப்ப. மாமா யாருன்னு புள்ளைங்களுக்குத் தெரிஞ்சிச்சின்னா சேனலுக்கு இன்னா மிச்சம்? பொம்ம மேசைய தாண்டி வரக் கூடாது. எடுத்துனு போனன்னா அப்பறம் இங்க வராத.”

“சொன்னது நான் சார்.”

“சொன்னது பொம்ம.”

இரண்டு நாள் எனக்கு எதுவும் ஓடவில்லை. வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் எழுந்துவிடுவேன். இந்த வேலை போனால் பெரியப்பா என்ன சொல்வார் என்பது தெரியும். சுமதியின் நாத்தனார் என்ன சொல்வார் என்பதும் தெரியும். விழாவுக்கு முந்தின நாள் ரெக்கார்டிங் முடிந்ததும் பொம்மையைக் கட்டைப்பையில் வைத்தேன். ஓனருக்கு மெசேஜ் போட்டேன்: ‘மாமாவைக் கூட்டிக்கொண்டு போகிறேன் சார். நாளை மத்தியானம் கொண்டுவந்து வைத்துவிடுகிறேன். அதற்குப் பிறகு உங்கள் விருப்பம்.’

4. ஏம்பலம்

கோயில் வாசலில் பந்தல், மேளம், பிள்ளைகள் கூட்டம். சுத்துக்கேணியிலிருந்துகூட வண்டி வைத்து வந்திருந்தார்கள். பந்திக்குப் பக்கத்தில் ஆண்கள் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். மாமா ஆடாக இருப்பதால் கறி போடக் கூடாது என்று யாழினி அடம்பிடித்து, விருந்து சாம்பாராகிவிட்டது.

பந்தலுக்குப் பின்னால் நின்று பொம்மையைக் கையில் மாட்டினேன். மேசை இல்லை, துணி இல்லை. மொட்டையடித்துச் சந்தனம் பூசிய தலையோடு யாழினி மனையில் உட்கார்ந்திருந்தாள். நான் போய் நின்றதும் நாத்தனார் முன்னால் வந்தார். பெயர் பச்சையம்மா, கனத்த குரல்.

“இதுவா மாமன்? கையில மாட்டற ஒற மாதிரி கீது! பொம்பள மடியில ஒக்கார வெச்சிக் காது குத்தறதா? ஊர்ல கேட்டா சிரிக்க மாட்டாங்க?”

மேளம் நின்றுவிட்டது. சுமதி தரையைப் பார்த்தார். என் கை சும்மா இல்லை. மே மாமாவின் தலை மெதுவாகப் பச்சையம்மா பக்கம் திரும்பியது.

“யக்கா, கோச்சிக்காத. ஆண்டவன் எனக்கு இடுப்போட நிறுத்திட்டான். மடியில்லாத மாமன் நான். அதான் இந்தப் பொண்ணு மடிய வாடகைக்கு எடுத்தாந்தேன்.”

யாரோ கொல்லென்று சிரித்தார்கள். பச்சையம்மா விடவில்லை. “வாடக எவ்ளோ?”

“ஒரு கட்டு அகத்திக்கீர. அதுலயும் பாதிய நானே துன்னுட்டேன்.”

“அப்போ மாமன் சீரு எங்க?”

“வர்ற வழியில பசிச்சிதுக்கா. பழம், பூ, வெத்தல, எல்லாத்தையும் துன்னுட்டேன். பொடவயக் கூட கொஞ்சம் மென்னு பாத்தேன்.”

பச்சையம்மாவின் வாய் கோணியது. முந்தானையை எடுத்து மூடிக்கொண்டார், தோள் குலுங்கியது. “ஒக்காந்து தொலையட்டும், நேரம் ஆவுது,” என்றார். மேளம் மறுபடி முழங்கியது.

நான் மனையில் உட்கார்ந்தேன். யாழினி என் மடியில். நான் அங்கே இருப்பதையே அவள் கவனிக்கவில்லை. அவள் கண் முழுக்க மே மாமா மேல். சுற்றி நின்ற அத்தனை பிள்ளைகளும் அப்படித்தான். என் உதடு அசைவதை அவர்கள் முகத்துக்கு நேரே பார்க்கலாம், ஒருத்தரும் பார்க்கவில்லை. காது குத்தும் பத்தர் ஊசியை எடுத்தார். “மாமா காதப் புடிச்சிக்க. வலிச்சா கடி,” என்றது பொம்மை.

இப்படி ஒரு வார்த்தையை யாரும் சொல்லக் கூடாது. ஊசி இறங்கிய நொடியில் யாழினி மே மாமாவின் மூக்கைக் கடித்தாள். மூக்கு என்பது என் நடுவிரல்.

“அய்யோ அம்மா!” என்று கத்திவிட்டேன், என் சொந்தக் குரலில். பந்தல் முழுக்கக் கேட்டது. முடிந்தது என்று நினைத்தேன்.

யாழினி கண்ணீரோடு நிமிர்ந்தாள். என்னைப் பார்க்கவில்லை. பொம்மையின் தாடியைத் தடவினாள். “அழுவாத மாமா. ஆயிடுச்சி, ஆயிடுச்சி,” என்றாள். தன் இன்னொரு காதை அவளே திருப்பிக் காட்டினாள்.

கிளம்பும்போது பச்சையம்மா ஒரு பை நிறைய வடை கொடுத்தார். “ஒன் பேரு இன்னாம்மா?” “கலைவாணி.” “பெரிய வாயிடி ஒனக்கு. நல்லா இரு.” அன்று என் பெயரைக் கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

5. கறுப்புத் துணி

மன்றத்துப் பையன்கள் வீடியோ போட்டார்கள். எல்லோரும் பகிர்ந்தார்கள். ‘ஏம்பலத்தில் மே மாமா.’ அதில் என் தலையை மட்டும் வெட்டியிருந்தார்கள். கழுத்துக்குக் கீழே மட்டும் நான்.

விழா அன்று மத்தியானமே பொம்மையைச் சொன்னபடி கொண்டுபோய் வைத்திருந்தேன்; வீடியோ ஓடிய ஓட்டத்தில் ஓனர் என்னை நிறுத்தவில்லை. அடுத்த ஞாயிறு லைவில் போன் ஓயவில்லை. “மாமா, ஒன்ன ஒரு அக்கா தூக்கினு இருந்தாங்களே, கால் வலியா?” என்று கேட்டது ஒரு பிள்ளை. ஓனருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

“போனது போச்சி. இனிமே பங்ஷன் ஒத்துக்கலாம். கேட்டுக்கினே கீறாங்க. ஆனா ஒண்ணு. நீ கறுப்புத் துணி போத்திக்கோ. மூஞ்சி தெரியக் கூடாது.”

“புள்ளைங்களுக்கு என் மூஞ்சி ஒரு தொந்தரவே இல்ல சார். நேர்ல பாத்தேன்.”

“பெரியவங்க கீறாங்க இல்ல? மாமான்னு கூப்பிட்டுட்டு ஒரு பொண்ணப் பாக்கறதா?”

“ஏம்பலத்துல பாத்தாங்க. சோறு போட்டுத்தான் அனுப்பனாங்க.”

“மே மாமா என்னோடது. போத்திக்கறதுன்னா இரு.”

நான் கோபக்காரிதான், ஆனால் அன்று கத்தவில்லை. போத்திக்கொள்ள மாட்டேன், விலகிக்கொள்கிறேன் என்று சொல்லி ஒரு மாதம் டைம் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி நின்றுவிட்டால் பிள்ளைகள் ஏங்கிப்போவார்கள். அதனால் புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்குக் குரலையும் கட்டைவிரல் வித்தையையும் நானே சொல்லிக் கொடுத்தேன். அவளிடம் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். குரலை மாற்றிப் பேசினாலும் கொடுத்த வாக்கு உங்களுடையது. பொம்மையைச் சாக்கு சொல்லித் தப்பிக்க முடியாது. அதே மாதிரி, அது சம்பாதித்த அன்பில் உங்களுக்கும் பங்கு இருக்கிறது. அதை நீங்களாகக் கேட்டு வாங்க வேண்டும், தானாக வராது.

மே மாமாவைத் தைத்த டெய்லரிடமே புதுப் பொம்மை ஒன்று தைக்கக் கொடுத்தேன். ஊசுடு ஏரியில் நீந்துகிற நாமக்கோழி, நெற்றியில் வெள்ளைப் பட்டையோடு. வாயாடி. அதற்கு நான் வைத்திருக்கும் குரல் என் குரலுக்குப் பக்கத்துக் குரல்தான், தொண்டை வலிப்பதில்லை. செல்லிப்பட்டு தொடக்கப் பள்ளி ஹெட்மிஸ்ட்ரஸுக்குப் போன் செய்து, பிள்ளைகளுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து கதை சொல்லட்டுமா என்று கேட்டேன். வெள்ளிக்கிழமை கடைசி பீரியடை எனக்குக் கொடுத்திருக்கிறார்.

இன்று வெள்ளிக்கிழமை. இதைப் பஸ்ஸில் உட்கார்ந்து போனில் எழுதிக்கொண்டிருக்கிறேன். கோழி பையில் இருக்கிறது. பள்ளிக்கூடம் இன்னும் இரண்டு ஸ்டாப்பிங். நான் இப்போதே எழுந்து படிக்கட்டுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறேன்.