மைக்கில் சொன்ன வியாதி

என் பெரியப்பா பொய் சொன்னார். அதுவும் மைக்கில் சொன்னார். மாதா திருவிழா அன்று, குப்பம் முழுக்கக் கேட்கும்படி, ஒன்பது வயதுப் பெண் ஒருத்தியைப் பற்றிச் சொன்னார். அந்தப் பெண் நான்.

பெசன்ட் நகருக்குப் பக்கத்தில், கடலோரம் எங்கள் குப்பம். நடுவில் மாதா சொரூபம் வைத்த கெபி. திருவிழாவுக்குப் பிள்ளைகளைச் சேர்த்துப் பாட்டுப் பழக்குவது பெரியப்பாதான். அவருக்குக் கீபோர்டு வாசிக்கத் தெரியும். அதனால் வைத்தியமும் தெரியும் என்று குப்பத்தில் நம்பினார்கள். பாடும் பிள்ளைகள் சாயங்காலம் பாட்டுப் பயிற்சிக்கு முன்னால் மிளகும் பனங்கற்கண்டும் தட்டிப்போட்ட சூடான பால் குடிக்கவேண்டும். இது அவர் வைத்த சட்டம். குடிக்காதவர்களுக்குப் பாட்டு இல்லை.

மற்ற பிள்ளைகளுக்கு அந்தப் பால் ஒன்றும் செய்யவில்லை. எனக்கு மட்டும் கொஞ்ச நேரத்தில் தொண்டையில் கோழை திரண்டுவிடும். பசை மாதிரி. விழுங்கினால் இறங்காது, காறினால் வராது. வாழைப்பழம் தின்றாலும் இதே கதைதான். நான் செருமினால் பெரியப்பா மகள் விடமாட்டாள்.

“டாடி, இவ போட் மோட்டார ஸ்டார்ட் பண்ணிகினு கீறா பாரு!”

பெரியப்பா சிரித்துக்கொண்டே பெரியம்மாவிடம் சொல்வார்: “அவளுக்கு இன்னும் அரை கிளாஸ் ஊத்து. தொண்ட இளகட்டும்.”

நான் செருமச் செரும, பால் ஏறிக்கொண்டே போனது.

காறுவதற்கு ஓர் இடம் கண்டுபிடித்தேன். அலை உடையும் இடம். அலை விழுகிற நேரம் பார்த்துக் காறினால் யாருக்கும் கேட்காது. பயிற்சிக்கு நடுவில் இடைவேளை விட்டால் மற்ற பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடுவார்கள். நான் அங்கே தனியாக நின்று அடுத்த அலைக்குக் காத்திருப்பேன்.

ஒருநாள் பால் திரிந்துபோனது. அன்று என் குரல் எங்கேயும் தட்டவில்லை. பெரியப்பாவே வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார். தனியாகப் பாடவேண்டிய இரண்டு வரியை எனக்குக் கொடுத்தது அன்றுதான். அப்போதே அவரிடம் சொன்னேன்.

“பெரிப்பா, பாலு குடிச்சாதான் சளி கட்டுது. இன்னிக்குக் குடிக்கல, கட்டவே இல்ல.”

“இன்னாடி, எனக்கே வைத்தியம் சொல்றியா? பாலு குடிச்சு எவனுக்குத் தொண்ட கெட்டுகீது?”

அந்த இரண்டு வரி எனக்குப் பெரிது. அப்பா வளைகுடாவில் மீன்பிடி படகில் வேலை பார்த்தார். அவர் முகமே மறந்துவிடும்போல இருந்தது. திருவிழா அன்று கரையில் இருப்பதாகவும், நான் பாடுவதைப் போனில் கேட்பதாகவும் சொல்லியிருந்தார்.

திருவிழா அன்று பெரியப்பா தன் கையாலேயே முழு கிளாஸ் பால் கொண்டுவந்தார். “தனியா பாடப்போற இல்ல, குடி.” குடித்தேன். அம்மா கூட்டத்துக்கு முன்னால் நின்று போனைத் தூக்கிப் பிடித்தாள். “பாடும்மா, நைனா லைன்ல கீறாரு.”

முதல் வரி பாதியில் தொண்டை அடைத்தது. என்னை அறியாமல் காறிவிட்டேன். தெருவில் கட்டியிருந்த ஸ்பீக்கர் எல்லாவற்றிலும் அது கேட்டது. குப்பமே சிரித்தது. பெரியப்பா மைக்கைப் பிடுங்கினார்.

“மன்னிச்சிக்குங்க. பாப்பாவுக்கு நெஞ்சுல சளி வியாதி. ரொம்ப நாளா கீது. எல்லாரும் அவளுக்காக மாதாகிட்ட வேண்டிக்குங்க.”

சிரிப்பு நின்றது. எல்லாரும் கைகூப்பி வேண்டிக்கொண்டார்கள். முடித்ததும் அவரவர் பிள்ளையை என் பக்கத்திலிருந்து இழுத்துக்கொண்டார்கள்.

நானும் அதை நம்பினேன். அன்றைய பந்தியில் யாரும் சொல்லாமலே ஓரமாகப் போய் உட்கார்ந்தேன். பள்ளியிலும் கடைசி பெஞ்சின் மூலைக்கு நானாகவே நகர்ந்தேன். அம்மா மீன் கூடையை இறக்கிவைத்துவிட்டு என்னை அரசு ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள். எக்ஸ்ரே எடுத்து, சளியைச் சோதித்து, வியாதி ஒன்றுமில்லை, பாலை நிறுத்திப் பார் என்றார் டாக்டரம்மா. நிறுத்தினோம். கோழை நின்றது. அம்மா வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். தலையாட்டினார்கள், எனக்கு மட்டும் டம்ளரைத் தனியாகத்தான் வைத்தார்கள். வியாதியை மைக்கில் சொன்னவர், வியாதி இல்லை என்பதைச் சொல்ல மைக்கைத் தொடவில்லை.

இன்றைக்கும் பால் தொடுவதில்லை. கல்யாண வீட்டில் பாயசம் வருவதற்குள் எழுந்துவிடுகிறேன். தப்பித்தவறி வாயில் பட்டால் உப்புப் போட்ட வெந்நீரில் கொப்பளிப்பேன், அதுவும் கதவைச் சாத்திக்கொண்டு. பழக்கம் போகவில்லை.

அந்தச் சம்பவத்துக்கு அடுத்த வருடத் திருவிழாவுக்கு என்னைப் பாடக் கூப்பிடவில்லை. தூரத்தில் நின்று பாட்டுப் பயிற்சியைப் பார்த்தேன். பெரியம்மா பிள்ளைகளுக்குக் கிளாஸ் கிளாஸாக ஊற்றிக்கொண்டிருந்தார். பால் இல்லை. சீரகம் போட்ட வெந்நீர். பால்காரர் வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன். எனக்கு அன்று எட்டிய அறிவு அவ்வளவுதான்.

பெரியப்பா, நீங்கள் இன்னும் அந்தக் கெபியில்தான் வாசிக்கிறீர்கள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் முணுமுணுக்கவேண்டாம். இந்தத் திருவிழாவில் மைக்கைப் பிடித்து, குப்பத்துக்கே கேட்கும்படி பதில் சொல்லுங்கள். அந்த வருடம் பாலை ஏன் நிறுத்தினீர்கள்?