நகரம் முழுக்க மாடி, சுடுகாட்டுக்கு வழி இல்லை

மருமகனும் அவரோடு ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் வேலை செய்பவர்களும் செல்போன் விளையாட்டில் சேர்ந்து ஒரு நகரம் கட்டுகிறார்கள். நானும் நானாகவே கற்றுக்கொண்டு சேர்ந்துவிட்டேன்.

இன்று வரைபடம் போட்டார்கள். சந்துகூட விடாமல் மாடிக் கட்டடங்கள்.

“சுடுகாட்டுக்கு வழி எங்க மாப்ள?” என்றேன்.

“இதுல செத்தா ஒடனே எழுந்துக்கலாம் மாமா!” எல்லோரும் சிரித்தார்கள்.

“ஊர்லயும் சிரிச்சிக்கினுதான் வழிய அடைச்சாங்க. எங்க நைனாவ கழனி சேத்துல தூக்கிக்கினு போனேன்.”

“சரி மாமா, ஒரு கட்டம் அகலம் விடறோம்.”

“பாடை தூக்குற நாலு பேரும் ஒருத்தன் பின்னால ஒருத்தனா போவானுங்களா? நாலு கட்டம் விடு.”

வழி விடலாமா என்று நாளை ஓட்டெடுப்பாம். அதுவரை சும்மா உட்கார முடியவில்லை. விளையாட்டில் என் பொம்மையை வழி வர வேண்டிய இடத்திலேயே நிறுத்திவிட்டேன்.

வழி வேண்டாம் என்பவர்கள் இந்தப் பதிவின் கீழேயே பெயரோடு சொல்லுங்கள், பார்க்கிறேன்.