இருபது வளைவும் ஒரு தலைமையாசிரியையும்

ஏற்காட்டு மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் இருப்பது எனக்குத் தெரியும். என் தோழியிடம் நான் அதைச் சொல்லவில்லை. கரூரில் பஸ் ஏறும்போதே, "வளைவெல்லாம் இருக்குமாடி?" என்று கேட்டாள். "ரெண்டு மூணு இருக்கும்" என்றேன். முப்பது வருடப் பழக்கத்தில் அவளிடம் நான் சொன்ன பொய்களை வரிசைப்படுத்தினால் இது கடைசியில்தான் நிற்கும் என்று நினைத்தேன்.

அவளுக்கு அப்போதுதான் தலைமையாசிரியையாகப் பதவி உயர்வு வந்திருந்தது. பொங்கல் விடுமுறை முடிந்து திங்கட்கிழமை காலை புதுப் பள்ளியில் போய்ச் சேர்ந்தாக வேண்டும். சேர்ந்துவிட்டால் அப்புறம் அவளை எங்கேயும் அசைக்க முடியாது என்று நான்தான் மூன்று நாளைக்கு இழுத்து வந்திருந்தேன். நானூறு பிள்ளைகளை ஒரே பார்வையில் உட்காரவைக்கிறவள். ஆனால் கல்லூரி விடுதியில் கைப்பிடியைப் பிடிக்காமல் ஒரு நாளும் அவள் மாடிப்படி இறங்கியதில்லை. ராட்டினத்தைத் தூரத்தில் பார்த்தாலே அவளுக்கு வயிற்றைப் புரட்டும்.

சேலத்தில் வாந்திக்கு ஒரு மாத்திரை போட்டாள். மலை அடிவாரம் வருவதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். இருபது வளைவையும் வாயைத் திறந்துகொண்டே கடந்தாள். மேலே ஏரிப் பக்கம் இறங்கியதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இதுக்குப் போயா எல்லாரும் இத்தனை அலட்டிக்கறாங்க?" என்றாள். நான் பைகளை எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் சனிக்கிழமை காலை லேடீஸ் சீட்டுக்குப் போனோம். அங்கே கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றால் கீழே சேலம் முழுவதும் தெரியும். அவள் சேலத்தைப் பார்க்கவில்லை. மலைச்சரிவில் சிக்குக் கோலத்து இழை போல மடங்கி மடங்கிக் கிடந்ததைக் காட்டி, "அது என்னடி?" என்றாள்.

"ரோடு."

"எந்த ரோடு?"

"நாம வந்த ரோடுதான்."

அவள் வேலியை விட்டுவிட்டு, பக்கத்திலிருந்த சிமென்ட் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். "நான் இறங்க மாட்டேன்" என்றாள்.

"மாத்திரை போட்டுத் தூங்கிடு."

"இனிமே எந்த மாத்திரைக்கும் எனக்குத் தூக்கம் வராது."

"அப்ப திங்கட்கிழமை?"

"ஏற்காட்டுலயும் பள்ளிக்கூடம் இருக்குல்ல. இங்கேயே மாற்றல் வாங்கிக்கறேன்." இதைச் சொல்லும்போது அவள் சிரிக்கவே இல்லை. நான் சிரித்துப் பார்த்தேன், வேலைக்கு ஆகவில்லை. இருபத்தெட்டு வருடம் கரும்பலகை முன்னால் நின்று வாங்கிய பதவி, என்னுடைய ஒரு பொய்யால் போய்விடுமோ என்று எனக்கு உண்மையிலேயே பயம் பிடித்துக்கொண்டது.

அவள் மனதைக் கொஞ்சம் மாற்றலாம் என்று மதியம் மலைமேலேயே இருக்கிற வாழவந்தி கிராமத்துக்குப் போகிற பஸ்ஸில் ஏற்றினேன். ஊருக்குள் போகிற சின்ன ரோடுதான். அதற்கே முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டாள். பக்கத்தில் காய்கறிப் பையோடு ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். காபி எஸ்டேட்டில் வேலை செய்பவர், அறுபது வயதிருக்கும்.

"ஏனுங்க, ஒடம்புக்கு முடியலைங்களா?" என்று கேட்டார்.

நான் நடந்ததை எல்லாம் சொன்னேன். பொய் சொன்னதையும் விடவில்லை. அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க பண்ணுனது நொம்பத் தப்புங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு அவள் பக்கம் திரும்பி, "டீச்சர், நம்ம ஊட்டுக்கு வாங்க. ஒரு வாய் காப்பி குடிச்சா எல்லாம் தெளிஞ்சிரும்" என்றார்.

எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கிற லைன் வீடு. வாசலில் உட்கார்ந்திருந்த அவர் வீட்டுக்காரர் எழுந்து எங்களுக்கு நாற்காலி போட்டார். வெல்லம் போட்ட வரக்காப்பி வந்தது. விஷயம் தெரிந்ததும் யோசனைகளும் வந்தன. எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே போகலாம் என்றார் வீட்டுக்காரர். வயிற்றில் செய்தித்தாளைக் கட்டிக்கொண்டால் புரட்டாது என்று அதற்கும் மேலே ஒன்று சொன்னார். குப்பனூர் வழியாகவும் இறங்கலாமே என்றார்.

"அந்த ரோட்டுல வளைவு இல்லீங்களா?" என்று தோழி ஆவலாகக் கேட்டாள்.

"அதுலயும் இருக்குதுங்க" என்றார் அவர்.

பக்கத்து வீட்டு ஜீப் டிரைவர் எட்டிப் பார்த்தார். "நான் கூட்டிட்டுப் போறனுங்க டீச்சர். கண்ணை மூடிட்டே ஓட்டுவேன், அத்தனை பழக்கமுங்க" என்றார். தோழி காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

சாப்பிடாமல் எங்களை அனுப்புவதாக இல்லை. ராகிக் களியும் அவரைக்காய்க் குழம்பும். வீட்டில் இரண்டு இட்லிக்கு மேல் தொடாதவள், இங்கே இரண்டாவது உருண்டையையும் வாங்கிக்கொண்டாள். பயம் வேறு, பசி வேறு போலிருக்கிறது.

கை கழுவத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே அந்த அம்மா சொன்னார்: "நானும் நாளைக்குச் சேலம் போகோணுங்க, தங்கச்சி ஊட்டுக்கு. இந்த வளைவுன்னா எனக்கும் சின்னதுலருந்தே பயமுங்க. ஒண்டியா போறதை நெனச்சுத்தான் நாலு நாளா தூக்கமில்ல. டீச்சர் கூட வந்தா தைரியமா இருக்கும்."

அவர் வீட்டுக்காரருக்குத் திடீரென்று இருமல் வந்தது, எழுந்து வெளியே போனார்.

என் தோழி நிமிர்ந்து உட்கார்ந்தாள். பள்ளியில் அழுகிற பிள்ளையைப் பார்த்தால் அவளுக்கு ஒரு முகம் வருமே, அது வந்தது. "நீங்க பயப்படாதீங்க அக்கா. நான் இருக்கேன்ல" என்றாள். யாரடி இவள் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு காலை ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் அந்த அம்மா எங்களுக்கு முன்னாலேயே வந்து நின்றிருந்தார். ஜன்னல் பக்கம் தனக்கு ஆகாது என்று சொல்லித் தோழியை அங்கே உட்காரவைத்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டார். நான் பின்சீட்டில் குற்றவாளியாக உட்கார்ந்தேன். பஸ் இறங்கத் தொடங்கியதும் தோழி கண்களை இறுக்கி மூடியது தெரிந்தது. அந்த அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

"கண்ணு, எனக்குக் கண்ணைத் தொறக்க முடியலை. எத்தனாவது வளைவுன்னு பாத்துச் சொல்லு சாமி."

ஒவ்வொரு வளைவிலும் அடிவாரத்திலிருந்து எண்ணி நம்பர் போட்ட பலகை உண்டு. தோழி ஒற்றைக் கண்ணைத் திறந்தாள். "இருபது" என்றாள் ஈனக்குரலில்.

"அடுத்தது வந்தாச் சொல்லு கண்ணு."

பதினைந்து வரைக்கும் ஒற்றைக் கண்தான். பதினாலில் இரண்டும் திறந்தன. பத்தில், "மூச்சை நல்லா இழுத்து விடுங்க அக்கா, பாதி முடிஞ்சுது" என்று அதட்டினாள். கண்டக்டர் திரும்பிப் பார்த்து, "ஏனுங்கக்கா, என்ன இன்னிக்கு..." என்று ஆரம்பித்தார். முந்தானைக்குள்ளிருந்து வந்த ஒரு பார்வையில் அப்படியே முன்பக்கம் போய்விட்டார். ஐந்தில் தோழி மதில்மேல் இருந்த குரங்குக் குட்டியைக் காட்டினாள். "ஒண்ணு! அவ்வளவுதான் அக்கா, முடிஞ்சுது!" என்று அவள் கத்தியதில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

சேலம் பஸ் ஸ்டாண்டில் அந்த அம்மா அவள் கன்னத்தைத் தடவி, "நீ இல்லீனா நான் வந்திருக்க மாட்டேன் கண்ணு" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தில் கலந்தார். தோழிக்குப் பெருமை தாங்கவில்லை. கரூர் பஸ்ஸைத் தேடிப் போகிற வழியெல்லாம், "பாவம்டி, எப்படி நடுங்கினாங்க பாத்தியா" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

பிளாட்பார முனையில் திரும்பும்போது ஏற்காடு பஸ் ஒன்று புறப்படத் தயாராக நின்றது. ஜன்னலோரச் சீட்டில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். வெளியே முழங்கையை நீட்டி, வேர்க்கடலையைக் கொறித்துக்கொண்டு, ஓட்டுநரோடு ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

தோழி அப்படியே நின்றாள். பிறகு பையை என் கையில் திணித்துவிட்டு அந்த ஜன்னலுக்குக் கீழே ஓடினாள்.

"அக்கா, தங்கச்சி வீடு?"

அந்த அம்மா கடலைத் தோலை ஊதிவிட்டு, பிடிபட்ட பிள்ளை மாதிரி சிரித்தார். "இன்னொரு நாளைக்குப் போயிக்கலாமுங்க."

"உங்களுக்குப் பயமே இல்லீங்களா?"

"இப்பத்தானுங்க டீச்சர் பயமா இருக்குது. நம்பர் சொல்ல ஆளில்லைங்களே."

பஸ் நகர்ந்தது. தோழிக்குக் கண் நிறைந்துவிட்டது. சிரிப்பும் வந்தது. பின்னாலேயே நாலடி நடந்து, "ஏறும்போது ஒண்ணுலருந்து எண்ணணும் அக்கா!" என்று கத்தினாள்.

கரூர் பஸ்ஸில் அவளைக் கிண்டல் செய்ய என்னிடம் நிறைய இருந்தது. ஒன்றையும் வெளியே எடுக்க மனம் வரவில்லை.  ராசிபுரம் நெருங்கும்போது அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"இப்ப ஏழாவது வளைவுல இருப்பாங்க" என்றாள்.