பிளஸ்டரி காத்தும் தோல் ஷாப்பு ரைட்டரும்

ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தையை எங்கயாவது போட்டுப் பாக்கணும்னு எட்டு மாசம் தவம் கெடந்த பைத்தியக்காரன் நான். வார்த்தை, பிளஸ்டரி. அட்டை போன பழைய அகராதியில கண்ணுல பட்டுச்சு. சும்மா காத்துக்கு அதைப் போடக்கூடாதாம். விட்டு விட்டு, முட்டி மோதி, ஊளை விட்டுக்கிட்டு வர்ற காத்துக்குத்தான் போடணுமாம். தாம் தூம்னு கத்தற ஆளுக்கும் போடலாமாம். அந்த மாதிரி ஆளுக்கு எங்க தெருவுல பஞ்சமில்ல. ஆனா அவங்களைப் பத்தி யாருக்கு லெட்டர் எழுதறது?

அப்போ ஆம்பூர்ல ஒரு சாயபுவோட தோல் ஷாப்புல, அதான் தோலு பதம் பண்ற எடத்துல, ரைட்டரா இருந்தேன். எங்க சரக்கை வாங்கி சீமைக்கு அனுப்பற மெட்ராஸ் துரைக்கு இங்கிலீஷ்ல கடுதாசி எழுதறதுதான் வேலை. ஆடி மாசம், வெள்ளிக்கிழமை. பதம் பண்ணி எண்ணெய் போட்ட ஆட்டுத்தோலு எல்லாம் கொட்டாயில மூங்கில்ல தொங்குது. மறுநாள் ரயில்ல ஏத்தணும், மெட்ராஸ்ல கப்பல் நிக்குது. சரக்கு வந்துடும்னு சாயபு துரைக்கு வாக்கு குடுத்திருந்தாரு.

தொழுகைக்குக் கெளம்பறப்போ, "ரைட்டரே, தோலு நெழல்ல மெதுவாத்தான் காயணும். மேஸ்திரி தோலு ஊறப்போடற குழிப் பக்கம் வேலையா இருக்கான். காத்து ஜாஸ்தியானா ஆளுங்களைக் கூப்ட்டு கொட்டாயைச் சுத்தி இருக்கற தட்டியை எறக்கச் சொல்லு"ன்னாரு.

"நீங்க போய்ட்டு வாங்க சாயபு, நான் பாத்துக்கறேன்"னேன்.

அவரு தலை மறைஞ்சதும் வந்துச்சு பாருங்க காத்து! மேற்கால மலைப் பக்கத்துலேர்ந்து சூடா ஒரு அடி. அப்பறம் கப்சிப். மறுபடி தடார்னு ஒண்ணு! கூரைத் தகரம் கடகடங்குது, தோலு பதம் பண்ற ஆவாரம்பட்டைத் தூளு மூக்குல ஏறுது. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. அகராதியில போட்டது அப்படியே எதுக்க வந்து நிக்குதே! ஆனா அவசரப்பட்டு எழுதிட்டா துரை சிரிச்சுட்டா? கொட்டாய்க்கு நடுவுல போய் ஒரு மணி நேரம் நின்னேன். ஒவ்வொரு அடிக்கும் நடுவுல எவ்ளோ நேரம் விடுதுன்னு வெரல் விட்டு எண்ணினேன். ஊளை இருக்கா? இருக்கு. முட்டுதா? என் தலைப்பாகையே பறந்துபோச்சு! சந்தேகமே இல்ல, பிளஸ்டரிதான்! கொட்டாய் மூலையில இருந்த என் மேஜைக்கு ஓடிவந்து, 'இன்னிக்கு இங்க பிளஸ்டரி காத்து. ஆனாலும் சரக்கு சொன்னபடி வந்து சேரும்'னு இங்கிலீஷ்ல எழுதி, அந்த வார்த்தைக்கடியில ஒரு கோடும் போட்டேன்.

மை காயறதுக்குள்ள மேஸ்திரி உள்ள வந்து ஒரு தோலைத் தட்டினான். அப்பளம் மாதிரி சத்தம் வந்துச்சு.

"இன்னா ரைட்டரே இது? தட்டியெல்லாம் மேல கெடக்குது?"

"காத்து எப்படி வருதுன்னு பாத்துட்டிருந்தேன் மேஸ்திரி."

"காத்தைப் பாத்தியா? தோலைப் பாருய்யா!"

அத்தனையும் விறைச்சுப்போச்சு. மடிச்ச எடத்துல வெடிப்பு. திரும்ப நனைச்சு, எண்ணெய் போட்டு, நெழல்ல காய வைக்க மூணு நாளு ஆவும். கப்பல் போய்டும். சாயபு வந்து ஒரு தோலைக் கையில எடுத்து மடிச்சுப் பாத்தாரு. கத்தவே இல்ல. அதான் பேஜாரா இருந்துச்சு. வாக்கு தவறிட்டேன்னு துரைக்கு வேற லெட்டர் எழுதச் சொன்னாரு. காத்துன்னு மட்டும் எழுதினேன், கோடு போடல. கையெழுத்துப் போட்டுட்டு நிமிர்ந்தாரு.

"ரைட்டரே, இனிமே காத்தடிச்சா நீ ஊட்டுக்குப் போய்டு."