கீரைதானே என்று நினைத்தேன்

என் கணவருக்கு இறால் ஒவ்வாது, மூச்சடைக்கும். கனடாவில், மொன்றியலில் எங்கள் வீட்டருகே புதிதாகத் திறந்திருந்த நைஜீரிய உணவகத்தில், “கீரைக்குள்ள என்னப்பா இருக்கப்போகுது?” என்று நான்தான் கீரைக்கறி எடுப்பித்தேன். கிழங்குக் களியோடு நாலு வாய் சாப்பிட்டிருப்பார்.

“தொண்டை இறுகுதப்பா” என்றார். உதடு வீங்கியிருந்தது.

கடைக்கார அம்மா, கீரைக்கு இறால் தூள் போடுவது தங்கள் வழக்கம் என்று சொல்லியபடியே அம்புலன்ஸை அழைத்தார். எனக்கு அழுகை வரவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் வந்து இனிப் பயமில்லை என்றபோதும் எதுவும் தோன்றவில்லை. என் வலது கையில் கீரை காய்ந்திருப்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது யார் வீட்டுக்குப் போனாலும், “கீரைக்கு என்ன தூள் போட்டனீங்கள்?” என்று கேட்கிறேன். சிலருக்கு முகம் மாறுகிறது. பதில் வந்த பிறகே சாப்பிடக் கை கழுவுகிறேன்.