அம்மா நீந்திய கடல்

அப்பா திண்டிவனத்தில் லாரிகளுக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். காணும் பொங்கலன்று மட்டும் வேலைக்குப் போகமாட்டார். எங்களைக் கோட்டக்குப்பம் கடற்கரைக்குக் கூட்டிப்போவார். நானும் தங்கையும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அலையில் நிற்போம். செருப்புகளையும் புளிச்சோற்றுத் தூக்கையும் பார்த்துக்கொண்டு அம்மா மணலில் உட்கார்ந்திருப்பாள்.

நான் ஏழாம் வகுப்பு படித்த வருஷம், பெரிய அலை ஒன்று திரும்பும்போது தங்கையை இழுத்துப் போனது. அப்பாவுக்கு நீச்சல் தெரியாது. மார்பளவு தண்ணீரில் நின்று அவள் பெயரைச் சொல்லிக் கத்தினார். என்னைத் தாண்டி யாரோ ஓடினார்கள். அம்மா. புடவையை இழுத்துச் செருகியிருந்தாள். அலைக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் எழுந்து, கையை வீசி நீந்தினாள். தங்கையின் பின்னலைப் பிடித்துக்கொண்டு, அலை தள்ளிய போக்கிலேயே கரைக்கு வந்தாள்.

தங்கை வாந்தியெடுத்தாள், அழுதாள், பிறகு பசிக்கிறது என்றாள். அப்பா துண்டால் அவள் தலையைத் துவட்டினார்.

"எங்க கத்துக்கின?" என்று அம்மாவைக் கேட்டார்.

"எங்கூர் கெணத்துல."

"எங்கிட்ட சொல்லவே இல்லியே?"

"நீங்க கேக்கலியே," என்று அம்மா முந்தானையைப் பிழிந்தாள்.

அடுத்த வருஷத்திலிருந்து அப்பா செருப்புகளைப் பார்த்துக்கொண்டார். அம்மாவும் நானும் தண்ணீரில் கிடந்தோம். தங்கை மட்டும் அப்பா பக்கத்திலேயே இருந்தாள். அதன்பிறகு அவள் கால்கூட நனைத்ததில்லை.

அவள் இப்போது விழுப்புரத்தில் டீச்சர். இந்தக் காணும் பொங்கலுக்குத் தன் காரில் எல்லோரையும் அழைத்துப்போனாள். கோட்டக்குப்பத்தில் நாங்கள் உட்கார்ந்த மணல் இல்லை. கடல் அரித்த கரையில் கருங்கல்லைக் கொட்டியிருந்தார்கள். அப்பா வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வண்டியை மரக்காணத்துக்கு விடச் சொன்னாள் அம்மா.

அங்கே அகலமான மணல். தங்கையின் மகள் கடலைப் பார்த்து ஓடினாள். தங்கை பதறி அவள் கையைப் பிடித்தாள். எழுபது வயது அம்மா இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"பாப்பாவ வுடு. மொதல்ல நீ வா," என்று தங்கையிடம் கை நீட்டினாள்.

"பயமா இருக்கும்மா."

"இருக்கட்டும். அலை வரும்போது குதி. கைய வுடமாட்டேன்."

முதல் அலைக்குத் தங்கை கண்ணை மூடிக்கொண்டாள். அடுத்ததற்குக் குதித்தாள். கொஞ்ச நேரத்தில் தலைமுடி அவிழ்ந்து, முழுக்க நனைந்து, மகளைக் கூப்பிட்டாள். மூன்று பேரும் கை கோர்த்து நின்றதை நான் கரையிலிருந்து பார்த்தேன். பிறகு நானும் இறங்கினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே தங்கை தன் மகளோடு நீச்சல் வகுப்பில் சேர்ந்தாள்.